பழைய சுகர் மிஷின் போதுமா, புதுசு வாங்கலாமா?

இந்த முறை சர்க்கரைக் கருவிகள் பற்றி வந்த நாலு கேள்விகள். மருந்தை எவ்வளவு போடுவது என்பது உங்கள் டாக்டர் வேலை. காசை எங்கே போடுவது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர் மஞ்சக்குப்பம். மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. 2018-ல் வாங்கிய குளுக்கோமீட்டர் வைத்திருக்கிறேன். போன வாரம் வெறும் வயிற்றில் வீட்டில் 168 காட்டியது. அரை மணி நேரத்தில் லேபில் ரத்தம் கொடுத்தேன், 148 வந்தது. மிஷினுக்கு வயசாகிவிட்டது, குத்தாமலே சர்க்கரையைக் காட்டிக்கொண்டிருக்கும், கையில் ஒட்டும் சென்சார் வாங்கிவிடலாம் என்கிறான் மகன்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. உங்கள் மிஷின் பாஸ் ஆகிவிட்டது. வீட்டு மிஷின்களுக்கான சர்வதேசத் தரம், ஐ.எஸ்.ஓ. 15197-ன் 2013 பதிப்பு, கேட்பது இதுதான்: சர்க்கரை 100-க்கு மேல் இருந்தால், நூறு தடவையில் 95 தடவையாவது லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். 148-க்கு 15 சதவீதம் 22. உங்கள் வித்தியாசம் 20. நாளைக்கே புது மிஷின் வாங்கினாலும் இந்த ஆட்டம் இருக்கத்தான் செய்யும்.

வெறும் வயிற்றில் ஒப்பிட்டீர்களே, அதுவும் சரி. சாப்பிட்ட பிறகு ஒப்பிட்டால் விரல் நுனி ரத்தம் லேபில் எடுக்கும் நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு மிஷினைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

மிஷினைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கையையும் மிஷினில் செருகும் ஸ்ட்ரிப்பையும் சந்தேகப்படுங்கள். பண்ருட்டிப் பலாவை உரித்த கையோடு குத்திப் பார்த்துவிட்டு, முந்நூறைத் தாண்டிவிட்டது என்று வீட்டையே அலற வைத்தவர் என் சொந்தத்திலேயே உண்டு. சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதி ஸ்ட்ரிப்பில் இருக்கிறது. அதில் தடவியிருப்பது ஒரு நொதி. சூடும் ஈரமும் ஆகாது. நம் கடற்கரைக் காற்றில் டப்பா மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் போதும், கெட்டுவிடும். ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம், டிவி பெட்டி மேலேயும் வேண்டாம். டப்பாவைத் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், டப்பாவிலேயே போட்டிருக்கும்.

எப்போது மாற்றுவது? உங்கள் மிஷினுக்கான ஸ்ட்ரிப் மெடிக்கல் ஷாப்களில் கிடைக்காமல் போகும்போது. வெறும் வயிற்று ஒப்பீட்டில் இரண்டு மூன்று முறை தொடர்ந்து 15 சதவீதத்தைத் தாண்டும்போது. திரையில் கோடு விழும்போது. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. எண்ணின் நடுக்கோடு ஒன்று மங்கிப்போனால் 188 உங்களுக்கு 108 என்று தெரியும்! மிஷினைப் போட்டதும் எல்லாக் கோடுகளும் ஒரு கணம் சேர்ந்து எரியும். அப்போது எட்டு எட்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

மாற்றும்போது மிஷின் விலையைப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரிப் விலையைப் பாருங்கள். மிஷினைச் சும்மாவே கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் சம்பாதிப்பதுதான் இந்த வியாபாரம். 2021 ஜூலையில் குளுக்கோமீட்டர் உட்பட ஐந்து கருவிகளுக்கு வணிக லாபத்தை 70 சதவீதத்தோடு மத்திய அரசு நிறுத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. பில்லில் 12 போட்டிருந்தால் கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்து மருமகன் கொண்டுவந்த மிஷின் என்றால் அது வேறு அலகில் 8.2 என்று காட்டும். பயப்பட வேண்டாம், 18-ஆல் பெருக்கினால் நம் 148 வந்துவிடும். ஆனால் அதற்கு ஸ்ட்ரிப் தேடி அலைய வேண்டியது நீங்கள்.

சென்சார் கணக்கு: 14 நாள் வகை என்றால் ஆண்டுக்கு 26. ஒன்று 5,000 ரூபாய் என்று வைத்தாலும் 1,30,000. வாரத்துக்கு இரண்டு முறை குத்திப் பார்க்க, ஸ்ட்ரிப் 20 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 2,080. ஊசி போடாதவருக்கு அந்த ஒன்றேகால் லட்சம் எதை மாற்றப்போகிறது? மகன் ஆசைக்கு ஒரே ஒரு சென்சாரைப் போட்டுப் பாருங்கள். பொங்கலுக்கு எவ்வளவு ஏறுகிறது, இரண்டு இட்லிக்கு எவ்வளவு, சாயங்காலம் சில்வர் பீச்சில் நடந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று அந்த 14 நாளில் தெரிந்துவிடும். பிறகு பழைய மிஷினே போதும்.

கேள்வி: புதுச்சேரி ரெட்டியார்பாளையம். என் மகனுக்கு 13 வயது, உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1 சர்க்கரை. அஞ்சு வருஷமாக உடம்பில் மாட்டிய இன்சுலின் பம்பு. வாரண்டி முடிந்துவிட்டது, ஆனாலும் ஓடுகிறது. தானே சரிசெய்துகொள்ளும் புதுப் பம்புக்கு மாறச் சொல்லி விற்பனை ஆள் போன் மேல் போன் போடுகிறார். மாசக் கடைசிக்குள் என்றால் பழசுக்குக் கழிவு உண்டாம். நான் இப்போதும் ராத்திரி இரண்டு முறை எழுந்து அவனுக்குக் குத்திப் பார்க்கிறேன்.

பதில்: உங்கள் கடைசி வரிதான் அம்மா எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆசிரியருக்கு வேண்டாம் என்றேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் இருப்பது, நீங்கள் போட்டுவைத்த அளவை அப்படியே இறக்கிக்கொண்டிருக்கும் பழைய வகை என்று நினைக்கிறேன். மினிமெட் 780ஜி போன்ற புது வகைகள் சென்சாரோடு சேர்ந்து ஓடுபவை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரையைப் பார்த்து, இறங்கப் போகிறது என்றால் இன்சுலினைக் குறைக்கும், ஏறினால் கூட்டும். ராத்திரியில்தான் அதன் அருமை தெரியும். அதற்காக எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளை பரோட்டா சாப்பிடப்போகிறான் என்று அதற்குத் தெரியாது. மாவுச்சத்துக் கணக்கை ஒவ்வொரு வேளைக்கும் நீங்கள்தான் போட வேண்டும்.

வாரண்டி முடிந்தது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பம்பு மிக்ஸி மாதிரி அல்ல, நின்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட முடியாது. உள்ளே இருப்பது வேகமாக வேலை செய்து வேகமாகத் தீரும் இன்சுலின் மட்டுமே. நின்ற சில மணி நேரத்தில் ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறத் தொடங்கும். அதனால் பம்பின் உடம்பில் விரிசல், பட்டன் சிக்குவது, பேட்டரி சீக்கிரம் காலியாவது, அடிக்கடி மோட்டார் பிழை காட்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். விரிசல் வழியாக ஈரம் இறங்கும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

விற்பனை ஆளிடம் பம்பு விலையோடு நிறுத்தாமல் மாசச் செலவை எழுத்தில் கேளுங்கள். பம்பிலிருந்து உடம்புக்கு இன்சுலின் போகும் குழாய் செட் மூன்று நாளைக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 120-க்கு மேல். சென்சார் ஏழு நாள் வகை என்றால் 52. பெரும்பாலும் அதே கம்பெனி சென்சார்தான் போட முடியும், வேறு கடைக்குப் போகும் வழி இல்லை. இந்த மாசச் செலவை நாலு வருஷம் தாங்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடியாமல் பாதியில் சென்சாரை நிறுத்தினால், லட்சக்கணக்கில் வாங்கிய புதுப் பம்பும் பழைய பம்பு போலத்தான் ஓடும். இன்னும் இரண்டு கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பம்பு நின்றால் மாற்றுப் பம்பு புதுச்சேரிக்கு எத்தனை மணி நேரத்தில் வரும்? இந்த மாடலுக்கான குழாய் செட்டும் சென்சாரும் எத்தனை வருஷம் கிடைக்கும் என்று எழுதித் தருவார்களா?

மாசக் கடைசி என்பது அவருடைய டார்கெட்டுக்கு. உங்கள் பையனுக்கு உகந்த நேரம் பரீட்சை முடிந்த விடுமுறை. முதல் சில வாரம் அளவுகளைச் சரிபார்க்க டாக்டரிடம் அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், பேனா ஊசி, டாக்டர் எழுதித் தந்த நீண்ட நேர இன்சுலின், கீட்டோன் ஸ்ட்ரிப், பம்பின் இப்போதைய அளவுகள் எழுதிய காகிதம், எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். கரண்ட் போனால் நம் பக்கம் எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். கடைப் பேட்டரியில் ஓடுகிறதா, சார்ஜ் போட வேண்டுமா என்பதையும் வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கடலூர் முதுநகர். போட்டில் போகிறேன், இன்சுலின் ஊசி போடுகிறேன். கையில் சென்சார் ஒட்டிக்கொண்டு கடலுக்குப் போகலாமா?

பதில்: போகலாம் அண்ணே. ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகை ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வரை தண்ணீரைத் தாங்கும். வலை இழுக்கும்போது கயிறு உரசிப் பிய்ந்துவிடும் என்பதுதான் கவலை. மேலே ஒட்டும் டேப் தனியாகக் கிடைக்கும். பழைய மாடல் என்றால் 8 மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது ரீடரைப் பக்கத்தில் காட்டி ஸ்கேன் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய பதிவு அழிந்துவிடும். சர்க்கரை லோ ஆனால் அந்த மாடல் தானாக அலாரமும் அடிக்காது. உங்களுக்கு அலாரம் உள்ளதுதான் வேண்டும். சென்சார் தோலுக்கடியில் உள்ள நீரைப் பார்ப்பதால் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். நடுக்கம் வந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் சர்க்கரையை வாயில் போடுங்கள்.

கேள்வி: முத்தியால்பேட்டை. ஆன்லைனில் வாங்கிய சென்சார் மூன்றாம் நாளே பிழை காட்டி நின்றுவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டேன். கம்பெனி மாற்றித் தர மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்: தூக்கிப் போட்டதுதான் தப்பாகிவிட்டது. பெட்டியில் உள்ள வரிசை எண், பிழை காட்டிய திரையின் படம், கழற்றிய சென்சார், பில், இந்த நாலும் இருந்தால் வாதாடலாம். பெட்டியும் பில்லும் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வெளிநாட்டுச் சரக்கை இங்கே கொண்டுவந்து விற்பவரிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. இறக்குமதியாளர் பெயரும் எம்.ஆர்.பி.யும் பெட்டியில் இல்லை என்றால் இந்தியக் கம்பெனி கைவிரித்துவிடும், நீங்கள் பிடிக்க வேண்டியது விற்றவரை.