நிறம் மாறும் ரோஜா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'மாஸ்கரேட்' ரோஜா மஞ்சளாகப் பூத்து, இளஞ்சிவப்பாகி, உதிரும் முன் கருஞ்சிவப்பாகிறது. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தெரிகிறது. ஒட்டில் கோளாறா?

பதில்: இல்லை, 1949-இல் வெளிவந்த அந்த ரகத்தின் குணமே அதுதான். விரியும்போது தெரியும் மஞ்சள், கரோட்டினாய்டு நிறமி தருவது. வெயில் படப்பட ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி இதழில் ஏறும், மஞ்சள் மங்கும். கொத்திலுள்ள மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதால் மூன்று நிறத்தையும் ஒருசேரப் பார்க்கிறீர்கள்.

ஒட்டுக் கோளாறுக்கு அடையாளம் வேறு. ஒட்டு முடிச்சுக்கு (ரகத்தை வேர்ச்செடியோடு இணைத்த புடைப்புக்கு) கீழிருந்து ஒரு கிளை விறுவிறுவென எழும்பும்; இலையும் முள்ளும் மற்ற கிளைகளோடு ஒத்துப்போகாது. மண்ணை விலக்கி, அது கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள். மேலே கத்தரித்துவிட்டால் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். ஓர் இலையில் ஏழு சிற்றிலை இருந்தாலே அது வேர்ச்செடியிலிருந்து வரும் காட்டுக்கிளை என்பார்கள். நம்பாதீர்கள், நல்ல கிளையிலும் ஏழு வரும்.

கேள்வி: 'டபுள் டிலைட்' எங்கள் வீட்டில் வெள்ளையாகவே பூக்கிறது. கண்ணாடி அடைத்த பால்கனியில் வைத்திருக்கிறோம்.

பதில்: காரணம் அந்தக் கண்ணாடிதான். இந்த ரகத்தின் இதழ் ஓரத்தில் சிவப்பு ஏறப் புற ஊதாக் கதிர் வேண்டும். அதில் ஒரு பங்கைக் கண்ணாடி தடுத்துவிடும். தினமும் 6 மணி நேரம் நேர் வெயில் விழும் திறந்த இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். ஒரேயடியாக உச்சிவெயிலில் வைத்தால் இலை கருகும். ஒரு வாரம் காலை வெயிலில் பழக்குங்கள். ஏற்கெனவே விரிந்த பூ பெரிதாக மாறாது, அடுத்த மொட்டுகளைப் பாருங்கள். கடும் வெப்பத்திலும் சிவப்பு குறையும். அதற்கு உரம் மருந்தல்ல. கரும்புள்ளி நோய் எளிதில் தாக்கும் ரகம் என்பதால் இலை நனையாமல் அடியில் நீர் ஊற்றுங்கள்.

கேள்வி: கவாத்து எப்படி?

பதில்: மாஸ்கரேடில் வாடிய கொத்தை விட்டுவைத்தால் காய் பிடித்து, அடுத்த பூப்பு குறையும். கொத்துக்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் நல்ல இலைக்கு 5 மில்லிமீட்டர் மேலே வெட்டுங்கள். 'மியூடபிலிஸ்' சங்கதி வேறு. ஐந்தே இதழ் கொண்ட இந்தச் சீன ரோஜா புதராக வளர விரும்பும். ஒட்ட வெட்டினால் மீண்டு வர நாளாகும். காய்ந்த குச்சிகளையும் உரசும் கிளைகளையும் மட்டும் எடுங்கள்.