கோட்டிங்கனில் எம்.எஸ்சி.: பல்கலைக்கழக ஊர் மகளுக்குச் சரிப்படுமா?

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் உங்கள் மகளுக்கு உயிரியல் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. பெர்லின், முனிக் போலப் பேர் தெரிந்த நகரமில்லையே, இந்தச் சின்ன ஊரில் என்ன கிடைக்கும் என்பது உங்கள் கவலை. படிக்க அது நல்ல ஊர். வேலை தேட அவ்வளவு நல்ல ஊர் இல்லை. இரண்டையும் கணக்கில் வைத்து இப்போதே திட்டமிடுங்கள்.

1737இல் திறந்த பல்கலைக்கழகம் அது. ஊரின் மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. அதில் இருபதாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். உயிரியல் படிப்பவருக்கு அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனங்களும் ஜெர்மன் குரங்கின ஆய்வு மையமும் பெரிய வாய்ப்பு. ஆய்வகம், நூலகம், மென்சா என்னும் மாணவர் உணவகம் எல்லாம் சைக்கிள் தூரம். பழைய சைக்கிள் ஒன்று வாங்கினால் போதும். ஆனால் பூட்டு நல்லதாக இருக்கட்டும், மாணவர் ஊர்களில் சைக்கிள் திருட்டு சகஜம். விளக்கில்லாமல் இருட்டில் ஓட்டினால் போலீஸ் அபராதம் போடும்.

செலவு விஷயத்தில் ஊர் உங்கள் பக்கம். விசாவுக்குக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்ட் (மாதாமாதம் ஒரு பங்கை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். முனிக்கில் பகிர்வு வீட்டு அறைக்கே 700, 800 யூரோ போய்விடும். கோட்டிங்கனில் ஏறக்குறைய அதில் பாதிதான். கோட்டிங்கன் உள்ள லோயர் சாக்சனி மாநிலத்தில் கல்விக் கட்டணமும் கிடையாது, செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும் கட்ட வேண்டும். டூபிங்கன், ஹைடல்பெர்க் போன்ற ஊர்கள் உள்ள பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்திலோ இந்திய மாணவர் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்.

பல்கலைக்கழக ஊரின் பெரிய தலைவலி அறை. அக்டோபரில் புது மாணவர்கள் மொத்தமாக வந்து இறங்குவார்கள். அறையோ அத்தனை இருக்காது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே ஸ்டுடீரெண்டன்வெர்க் என்னும் மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விசா வரட்டும் என்று காத்திருந்தால் வரிசையில் பின்னுக்குப் போய்விடுவாள். அதோடு, ஆகஸ்ட், செப்டம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவர்கள் தங்கள் அறையைச் சில வாரங்களுக்கு உள்வாடகைக்கு விடுவார்கள். விசா கைக்கு வந்துவிட்டால் செப்டம்பர் தொடக்கத்திலேயே போய் அப்படி ஓர் அறையில் தங்கி, நிரந்தர அறையை நேரில் தேடுவது நல்லது.

அறையைப் பார்ப்பதற்கு முன் பணம் அனுப்பவே கூடாது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் போடுங்கள், சாவி கூரியரில் வரும்' என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடிதான். வாடகையைக் கேட்கும்போது வெப்பமூட்டல், தண்ணீர் சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். சேர்க்காததை கால்ட்மீட்டெ என்பார்கள். முன்பணம் அந்த கால்ட்மீட்டெயில் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம்.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்று பெயர். இதற்கு வீடு தருபவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். தற்காலிக விடுதியிலோ நண்பர் அறையின் தரையிலோ படுத்தால் அந்தச் சான்று கிடைக்காது. பதிவு இல்லையேல் வரி எண் தபாலில் வராது, சில வங்கிகள் கணக்குத் திறக்காது, வசிப்பு அனுமதியும் இழுத்துக்கொண்டே போகும். உள்வாடகை என்றாலும் பதிய முடியுமா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பகுதிநேர வேலைக்கும் போட்டிதான். காபிக் கடை, சூப்பர் மார்க்கெட் வேலைக்கெல்லாம் மொத்த மாணவர் கூட்டமும் வரிசையில் நிற்கும். சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிடைக்கும் உதவியாளர் வேலையான ஹிவி அந்தக் கணக்கில் வராது. ஆய்வகப் பயிற்சி முடிந்த கையோடு குழுத் தலைவரிடம் நேரடியாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். சுய விவரத்துக்கும் அதுதான் கனம்.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் ஒன்று உண்டு. ஆய்வகம் முழுக்க ஆங்கிலம், நண்பர்களும் ஆங்கிலம். இரண்டு வருடம் கழித்தும் ஜெர்மன் ஏ2 என்னும் தொடக்க நிலையிலேயே நிற்கும். கம்பெனி வேலைக்கு பல இடங்களில் அதைவிட இரண்டு படி மேலான பி2 நிலை கேட்பார்கள். முதல் செமஸ்டரிலிருந்தே பல்கலைக்கழக மொழி வகுப்பில் சேரட்டும். தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் படிப்பதே இல்லை.

கோயில் இல்லையே என்று வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்பட்டால், ஹாம் நகரில் ஈழத்தமிழர் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, ரயிலில் போய் வரலாம்.

வேலைக்கு வருவோம். உள்ளூரில் பெரிய கம்பெனி என்றால் ஆய்வகக் கருவிகள் செய்யும் சார்டோரியஸ். ஆனால் அத்தனை பட்டதாரிகளுக்கும் ஒரு கம்பெனி போதாது. ஆகவே கடைசி செமஸ்டர் ஆய்வேட்டை வெளியூர் நிறுவனத்தில் செய்ய முடியுமா என்று இரண்டாம் செமஸ்டரிலேயே பேராசிரியரிடம் கேட்க வேண்டும். துறையில் ஒருவர் மதிப்பீட்டாளராக ஒப்புக்கொள்ளாமல் அது நடக்காது. படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். ஆனால் மாணவர் என்ற தகுதி போனதும் விடுதி ஒப்பந்தமும் முடிவுக்கு வரும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வெளியே வீடு கொடுக்கத் தயங்குவார்கள். அந்த இடைவெளிக்கென்று மூன்று, நான்கு மாத வாடகையை இப்போதே தனியாக ஒதுக்கி வையுங்கள்.