புகையிரதமா, கோச்சியா?

கேள்வி: உலகமெங்கும் ரயில் பாதைகளை மின்மயமாக்குகிறார்கள். நமது மலையகப் புகையிரதம் எப்போது மின்சாரத்தில் ஓடும்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: முதலில் அந்தப் 'புகையிரதம்'. அது நிலையப் பலகையில் இருக்கும் சொல். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் "புகையிரதம் வருது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கோச்சி வருது" என்பார்கள். பத்திரிகையில் கோச்சி என்று எழுதலாமா என்று கோபித்துக் கடிதம் போடுபவர்களுக்கு வருடக்கணக்காக ஒரே பதில்தான்: நம் சனத்தின் வாயில் புழங்கும் சொல் அச்சிலும் இருக்கும்.

ஆனால் புகை உண்மை. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழையும்போது பாருங்கள். அவசர அவசரமாக ஜன்னலை மூடுவார்கள். தாய்மார் முந்தானையால் பிள்ளையின் மூக்கைப் பொத்துவார்கள். கரி எஞ்சின் போய் டீசல் வந்தும் அது மாறவில்லை.

சுவிட்சர்லாந்தும் மலை நாடுதான். முதலாம் உலகப் போரில் வெளிநாட்டு நிலக்கரி கிடைக்காமல் தவித்தது. சொந்தத் தண்ணீர் இருக்கிறதே என்று, 1920 இல் ரிட்டோம் ஏரிக்குக் கீழே ரயிலுக்கென்றே மின் நிலையம் திறந்து, கொத்தார்ட் மலைப்பாதையில் மின்சார எஞ்சினை ஓட்டியது. இன்று அங்கே கிட்டத்தட்ட எல்லாமே மின்பாதை. இந்தியாவும் அகலப் பாதைகளில் அநேகமாக முடித்துவிட்டது.

நம்மிடம் தண்ணீர் இல்லையா? லக்சபானவில் 1950 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குப் பழைய மஸ்கெலியா நகரையே கொடுத்தோம். நீர் வற்றினால் கோயில் இன்னும் தலைகாட்டுகிறது. உங்கள் ஊரிலேயே 2012 இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்தபடிதான் கோச்சி டீசலில் மூச்சிரைக்க ஏறுகிறது, 44 அடிக்கு ஓரடி ஏற்றத்தில், பட்டிப்பொலவுக்கு அருகே 1,898 மீட்டர் உச்சி வரைக்கும். இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்து கருகல் வாசம் பெட்டிக்குள் வரும். மின்சார எஞ்சின் என்றால் இறக்கத்தில் அதன் மோட்டாரே மின்சாரம் பிறப்பித்து, பாதைக்கு மேலே போகும் மின்கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும். எதிரே ஏறிவரும் வண்டி அதை எடுத்துக்கொள்ளும்.

சரி, எப்போது? சீக்கிரத்தில் இல்லை. வண்டிகள் நெருக்கமாக ஓடும் இடத்தில்தான் கம்பி இழுத்த செலவு கட்டும், அதனால் கொழும்புப் புறநகர்தான் முதலில். நமக்கோ ஒற்றைப் பாதை, நாளுக்குச் சில வண்டிகள், நீராவிக் காலத்தில் குடைந்த சுரங்கங்கள். அவற்றுக்குள் கம்பிக்கு இடம் எடுக்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்: திட்டம் எழுதும்போது கொழும்போடு நிறுத்தாமல் நாவலப்பிட்டி முதல் நானுஓயா வரை என்று ஒரு வரி சேருங்கள். ஊரையே தண்ணீருக்குக் கொடுத்தவர்கள் கேட்கிறோம்.

அப்புறம், அடுத்த கடிதத்தில் கோச்சி என்றே எழுதுங்கள்.