உமிச் சாம்பலை நம்பி கம்ப்யூட்டர் சயின்ஸை விடலாமா?

ஐயா, வணக்கம்.

அரிசி ஆலைச் சாம்பலைக் கலந்து சிமெண்ட் கட்டி வார்த்து, பள்ளிக் கண்காட்சியில் பரிசு வாங்கியதிலிருந்து மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்கிறாள், இந்த சிமெண்ட் துறை சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடும். சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி வரை சுட்டுத்தான் கிளிங்கர் எடுக்கிறார்கள், அதாவது அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டி. அப்போது வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் அந்தக் கல்லுக்குள் இருந்தே கிளம்புவது. எரிபொருளை மாற்றினாலும் அது போகாது, கிளிங்கரைக் குறைத்தால்தான் உண்டு. அதனால்தான் பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா சிமெண்ட்) மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் அனல் மின் நிலையச் சாம்பல் சேர்க்கிறார்கள். சுட்ட களிமண் கலந்த எல்சி3 சிமெண்டுக்கு 2023-ல் ஐஎஸ் என்ற இந்தியத் தரமும் வந்துவிட்டது. பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்றார்களே, சுட்ட செங்கல் பொடி, அதற்குப் பேத்தி முறைதான் இது. 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு சுர்க்கிக் காரையில் கட்டியது.

உமிச் சாம்பல் கொஞ்சம் வம்பு பிடித்த சரக்கு. உங்கள் ஆலைக் கொதிகலனுக்குப் பின்னால் கொட்டிக் கிடப்பதை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கரி முழுக்க எரியவில்லை. அந்தக் கரி தண்ணீரைக் குடிக்கும், கூடத் தண்ணீர் ஊற்றினால் பலம் போகும். சரி என்று 700 டிகிரியைத் தாண்டிச் சுட்டால் சாம்பலில் உள்ள சிலிக்கா படிகமாகி, சிமெண்டின் சுண்ணாம்போடு சேராமல் மணல் மாதிரி சும்மா கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே பக்குவம் பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

'பசுமை' என்று பெயர் சூட்டிய புதுப் பட்டங்கள் வேண்டாம். வேலைக்கு எடுப்பவர் அடிப்படைப் பட்டத்தைத்தான் தேடுவார். வேதியியல் பிடிக்கும் என்றால் அண்ணா பல்கலைக்கழக ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) செராமிக் டெக்னாலஜி. இடம் குறைவு. கிடைக்காவிட்டால் சிவில், அல்லது பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியல், அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலை லேப்களுக்கு அது போதும். ஆராய்ச்சி என்றால் ஐஐடி மெட்ராஸ், தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் எஸ்இஆர்சி. முதல் சம்பளம் சாஃப்ட்வேரை விடக் குறைவாகத்தான் இருக்கும், மறைக்க மாட்டேன்.

ஆலை வளாகத்திலேயே சிமெண்ட் போட்டு விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் சிமெண்ட் விற்க முடியாது. சாம்பல் செங்கல், பேவர் பிளாக் என்றால் யோசிக்கலாம்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: அந்தக் கட்டியை உடைத்துப் பார்த்தாளா, இறுகியதை மட்டும் காட்டினாளா? லேப் வேலை என்பது 70.6 மில்லிமீட்டர் கட்டிகளை வார்த்து 3, 7, 28 நாளில் நொறுக்கிக் கணக்கு எழுதுவது. அந்தக் கட்டிகளில் சிமெண்டோடு கலக்கும் தர மணல் இந்தியா முழுக்க நம் எண்ணூரிலிருந்துதான் போகிறது. பக்கத்துப் பொறியியல் கல்லூரி சிவில் துறையில் கேட்டால் நொறுக்கித் தருவார்கள். சாம்பல் கலந்தது மூன்று, கலக்காதது மூன்று என இந்த வாரமே வார்க்கச் சொல்லுங்கள். கலந்தாய்வுக்குள் 28 நாள் ஆகிவிடும். அவள் எழுதி வைத்த கணக்கோடு இருவரும் வாருங்கள், பேசுவோம்.