பல வருடம் ராக், ப்ளூஸ் வாசித்த கையோடு கன்ட்ரி கிட்டார் பழகுவது எப்படி?

கேள்வி கேட்டவர் பத்து வருடமாக ராக்கும் ப்ளூஸும் வாசிக்கிறாராம். கன்ட்ரி, அதாவது அமெரிக்கக் கிராமப்புறத்து இசை, வாசிக்க உட்கார்ந்தால் அதுவும் ப்ளூஸாகவே வந்து நிற்கிறதாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இதே வியாதியோடு நான் ஒரு மேடையிலேயே மாட்டியிருக்கிறேன்.

நான் பல்லடம் பக்கம். பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். கோயம்புத்தூரில் கல்லூரி படித்த நாளிலிருந்து நண்பர்களோடு ஒரு பேண்ட் உண்டு. ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேல், அஞ்சாவது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிதான் ஃப்ரெட்). அந்தப் பெட்டிக்குள்ளேயே பதினைந்து வருடம் குடியிருந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஆனைமலைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ‘கன்ட்ரி நைட்’ என்று கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். நமக்கெல்லாம் கன்ட்ரி என்றால் ஜெய்சங்கர் குதிரையில் வருவதுதானே ஞாபகம், சரி என்று ஒத்துக்கொண்டோம். பாட்டுக்கு மூன்றே கார்ட் (சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டம்), அதில் என்ன பெரிய வித்தை என்ற நினைப்பு வேறு.

சோலோ வந்தது. டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தேன், கண்ணை மூடினேன், ஸ்ட்ரிங்கை விரலால் தள்ளிச் சுருதி ஏற்றும் பெண்ட் ஒன்றை அழுத்தி இழுத்து நடுங்கவிட்டேன். முடிந்து இறங்கியதும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். “கல்யாண வீட்டுல வந்து ஒப்பாரி வைக்கறியே மேன்” என்றார். திட்டவில்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னார்.

அவர் போத்தனூர்க்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். போத்தனூர் ஜங்ஷனைச் சுற்றி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்ததும், அந்த வீடுகளில் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாட்டு ஓடாத கிறிஸ்துமஸே கிடையாது என்பதும் கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜிம் ரீவ்ஸ் 1964-ல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார், அங்கிள் வீட்டில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே போய் நின்றேன்.

அவர் முதலில் செய்த காரியம், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் இப்படி எழுதிக் கொடுத்தது: 1 1 4 1, 1 1 5 5. கன்ட்ரி இசையின் தலைநகரான அமெரிக்காவின் நாஷ்வில் ஊர் ஸ்டுடியோக்காரர்களின் எழுத்து இது. 1950-களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் தொடங்கி வைத்தார், சார்லி மெக்காய் போன்ற வாத்தியக்காரர்கள் பரப்பினார்கள். கார்டின் பெயரை எழுதாமல் அது ஸ்கேலில் எத்தனையாவது என்று எண்ணை எழுதுவது. பாடகர் சுருதியை மாற்றினாலும் தாளை மாற்ற வேண்டியதில்லை. ஏ சுருதி என்றால் 1 ஏ, 4 டி, 5 ஈ. “இதைப் பார்த்துக்கிட்டே சோலோ வாசி” என்றார். எனக்குப் புரியவில்லை. சோலோ வாசிக்கிறவன் எதற்குக் கார்டைப் பார்க்க வேண்டும்?

என் சிக்கல் மொத்தமும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது. ப்ளூஸில் கீழே மூன்று கார்டும் மாறி மாறிப் போகும், நான் மேலே ஒரே ஸ்கேலை வைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். அங்கே அது அழகு. கன்ட்ரியில் கார்ட் எழுந்து நடந்தால் நாமும் எழுந்து கூடவே நடக்க வேண்டும்.

இணையத்தில் எல்லோரும் சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு: உங்கள் மைனர் பென்டடானிக் பெட்டியை அப்படியே மூன்று ஃப்ரெட் பின்னால் தள்ளுங்கள், அது மேஜர் பென்டடானிக் ஆகிவிடும். சரிதான். நான் அதை வீட்டில் வாசித்தபோது, சின்ன வயதில் பாட்டு கற்ற என் மனைவி சமையலறையிலிருந்தே, “இது மோகனம்ங்க” என்றாள். ச ரி க ப த, ஆமாம், மேஜர் பென்டடானிக்கும் மோகனமும் ஒரே ஸ்வரங்கள்தான். நான் இத்தனை வருடம் வாசித்த மைனர் பென்டடானிக் சுத்த தன்யாசி. மோகனத்தின் தைவதத்தைச் சட்ஜமாக வைத்தால் சுத்த தன்யாசி வரும், கிரக பேதம் என்பார்கள். மூன்று ஃப்ரெட் வித்தை என்று வெள்ளைக்காரன் வீடியோ போடுவதும் அதுதான்.

ஆனால் குறுக்குவழி அங்கேயே முடிந்துவிடுகிறது. மோகனத்தில் தம்புரா ஒரே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கே கார்ட் மாற மாறச் சட்ஜமே இடம் பெயர்கிறது. ஏ கார்டுக்கு ஏ, பி, சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப். டி வந்தால் டி-யிலிருந்து ஒரு மோகனம்: டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ, பி. ஈ வந்தால் ஈ-யிலிருந்து இன்னொன்று, அதில் ஜி ஷார்ப் வரும். முதல் ஸ்கேலில் அந்த ஸ்வரமே கிடையாது. டி கார்ட் ஓடும்போது நீங்கள் சி ஷார்ப்பில் போய் உட்கார்ந்தால் செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி உறுத்தும்.

அங்கிள் கொடுத்த பயிற்சி அற்பமாகத் தெரியும், செய்து பாருங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் அதன் காந்தாரத்தை, அதாவது மூன்றாம் ஸ்வரத்தை, மட்டும் வாசிக்க வேண்டும், வேறொன்றும் கூடாது. ஏ-க்கு மூன்றாம் ஸ்ட்ரிங் (மெல்லிய ஸ்ட்ரிங்கிலிருந்து எண்ண வேண்டும்) ஆறாவது ஃப்ரெட். டி-க்கு இரண்டாம் ஸ்ட்ரிங் ஏழாவது. ஈ-க்கு முதல் ஸ்ட்ரிங் நான்காவது. எல்லாம் உங்கள் பழைய அஞ்சாவது ஃப்ரெட் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. இந்த மூன்று ஸ்வரத்தில் பாட்டின் கார்டுகள் கேட்கிறவருக்குத் தெரிந்தால் நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது.

ப்ளூஸ் கையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. மூன்றாம் ஸ்ட்ரிங் அஞ்சாவது ஃப்ரெட்டின் சி, அதாவது நம் செல்ல மைனர் காந்தாரம், கன்ட்ரியிலும் வரும். வாசலில் செருப்பு விடும் நேரம்தான் அதற்கு. தொட்டவுடன் ஆறாவது ஃப்ரெட்டில் விரலை அடித்து சி ஷார்ப்புக்குப் போய்விட வேண்டும். சி-யிலேயே நின்று லேசாக இழுத்தால் மறுபடி ஒப்பாரி.

அடுத்தது வலது கை. ராக் வாசிப்பவர்களுக்கு இடது கைதான் ஊர் சுற்றும், வலது கை கூலி வேலை. இங்கே தலைகீழ். பிக்கை, அதாவது ஸ்ட்ரிங்கை மீட்டும் சின்னத் தகட்டை, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்க, நடுவிரலும் மோதிர விரலும் தனியாக ஸ்ட்ரிங்கைக் கிள்ள வேண்டும், ஹைப்ரிட் பிக்கிங். எல்விஸ் பிரெஸ்லியோடு 1969-லிருந்து வாசித்த ஜேம்ஸ் பர்ட்டன் நடுவிரலில் உலோக ஃபிங்கர் பிக்கே மாட்டிக்கொள்வார். நமக்கு வெறும் விரல் போதும். முதல் பத்து நாள் விரல் நுனி எரியும், சாம்பார் சாதம் பிசையும்போது தெரியும்.

இதில் ‘சிக்கன் பிக்கிங்’ என்பதை நான் ஆறு மாதம் தப்பாகவே வாசித்தேன். இடது விரலை ஸ்ட்ரிங்கில் அழுத்தாமல் சும்மா தொட்டு வைத்து, பிக்கால் டிக் டிக் என்று செத்த சத்தம் எழுப்ப வேண்டும், நடுவில் கோழி மாதிரி கேட்கும். கொடுமுடியிலிருந்து அமுச்சி (அம்மாவின் அம்மா) வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். என்ன சாமி அது என்று கேட்டார். கோழி அமுச்சி என்றேன்.

“அடைக்கோழியாட்டமல்ல கொர்ருங்குது. முட்டை போட்ட கோழி இப்படியா கத்தும்? கொக் கொக் கொக் கொக்கேஏஏக்குன்னு ஊரக் கூட்ட வேண்டாமா?”

மூன்று குட்டை, நான்காவது நீளம், அதுவும் மேலே எகிறி. என் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் இருந்தது. செத்த சத்தம் இரண்டு மூன்று போன பிறகு, நடுவிரலால் ஸ்ட்ரிங்கைக் கொக்கி போட்டுத் தூக்கி விட வேண்டும், அது ஃப்ரெட் போர்டில் பட்டென்று அறைந்து கத்தும். அந்த ஒரு கத்தலுக்காகத்தான் முன்னால் போன முனகலெல்லாம். கன்ட்ரிக்காரர்கள் விரும்பும் டெலிகாஸ்டர் கிட்டாரை அமுச்சி பார்த்ததே இல்லை, ஆனாலும் யூடியூபில் எனக்குக் கிடைக்காத பாடம் அவரிடம்தான் கிடைத்தது.

தாளத்துக்கு எங்கள் ஊரில் மெட்ரோனோமே வேண்டாம். வீட்டை ஒட்டித் தறிக் குடோன். கன்ட்ரி டிரம்மர்கள் ‘ட்ரெயின் பீட்’ என்று ஸ்னேர் டிரம்மில் விடாமல் ஓட்டுவார்களே, அதற்கும் விசைத்தறிக்கும் பங்காளி உறவு. குடோனில் எல்லாத் தறியும் ஓடும்போது ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இரைச்சலாகத்தான் இருக்கும். கரண்ட் போய் வந்தவுடன் முதல் தறியைத் தட்டிவிடுவார்கள் பாருங்கள், அடுத்தது ஓடும் வரை அரை நிமிடம் சுத்தமான ஒற்றைத் தாளம். அந்த அரை நிமிடத்துக்காகக் கிட்டாரை மடியில் வைத்துக் காத்திருந்திருக்கிறேன். ஜானி கேஷின் கிட்டாரிஸ்ட் லூதர் பெர்கின்ஸ் உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கை அமுக்கிக்கொண்டு வாசித்த அந்த பூம்-சிக்கா-பூம் நடையை இதன் மேல்தான் பழகினேன். சோலோவுக்கு முன்னால் இந்த நடையைப் பழகுங்கள், இரண்டு மாதம் போனாலும் பரவாயில்லை.

பெண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ராக் ஆட்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுவார்கள், நமக்குத்தான் பெண்ட் நன்றாக வருமே என்று. கன்ட்ரி பெண்ட் எல்லாம் பெடல் ஸ்டீல் கிட்டாரைப் பார்த்து வந்தது. அதில் காலால் பெடலை மிதித்தால் ஒன்றிரண்டு ஸ்ட்ரிங் மட்டும் சுருதி ஏறும், மற்றவை அசையாமல் நிற்கும். அதை நாம் விரலால் செய்ய வேண்டும். மூன்றாம் ஸ்ட்ரிங் நான்காவது ஃப்ரெட்டில் நடுவிரல். இரண்டாம் ஸ்ட்ரிங் அஞ்சாவதில் மோதிர விரல், முதல் ஸ்ட்ரிங் அஞ்சாவதில் சுண்டு விரல். மூன்றையும் சேர்த்துக் கிள்ளி, மூன்றாம் ஸ்ட்ரிங்கை மட்டும் தடித்த ஸ்ட்ரிங் பக்கமாக முழு ஸ்வரம் தள்ளுங்கள். பி ஏறி சி ஷார்ப் ஆகும், மேலே ஈ-யும் ஏ-யும் நிற்கும், ஏ மேஜர் கார்ட் பூ மாதிரி விரியும்.

விரிய வேண்டும். எனக்கு முதலில் மற்ற இரண்டு ஸ்ட்ரிங்கும் கூடவே நகர்ந்து பஸ் ஹாரன் மாதிரி கேட்டது. ப்ளூஸ் பெண்டில் கால் ஸ்வரம் முன்னே பின்னே நின்றால் அதற்கு உணர்ச்சி என்று பெயர். இங்கே பக்கத்திலேயே இரண்டு ஸ்வரம் காவல் நிற்பதால் தப்பு உடனே தெரிந்துவிடும். ஏறி நின்ற பிறகு நடுக்கமும் கூடாது. கிளாரன்ஸ் ஒயிட்டும் ஜீன் பார்சன்ஸும் 1960-களின் பின்பகுதியில், தோள்பட்டை வாரை இழுத்தால் இரண்டாம் ஸ்ட்ரிங் ஏறும் மாதிரி கிட்டாருக்குள்ளேயே ஒரு எந்திரம் வைத்தார்கள், பி பெண்டர் என்று பெயர். இரண்டு நாள் இந்தப் பெண்டைப் பழகினால் அவர்கள் ஏன் அவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று புரியும்.

சாமான் விஷயம்: உடனே டெலிகாஸ்டர் வாங்க ஓடாதீர்கள். எந்த எலெக்ட்ரிக் கிட்டாரிலும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாற்றிக்கொண்டு ஆம்பைச் சுத்தமாக வையுங்கள். டிஸ்டார்ஷன் வீட்டிலேயே இருக்கட்டும். முடிந்தால் சத்தத்தைச் சமன்படுத்தும் ஒரு கம்ப்ரஸர், அப்புறம் நூறு மில்லி செகண்ட் அளவில் ஒரே ஒரு எதிரொலி வரும் டிலே. ஸ்ட்ரிங் கனம் 10-க்குப் பதில் இன்னும் மெல்லிய 9 போடுங்கள். ஜேம்ஸ் பர்ட்டன் அந்தக் காலத்தில் மெல்லிய செட் கிடைக்காமல் பேன்ஜோ ஸ்ட்ரிங்கை மாட்டித்தான் இழுத்திருக்கிறார்.

கேட்பதற்கு, பக் ஓவன்ஸோடு வாசித்த டான் ரிச், மெர்ல் ஹாகார்டோடு வாசித்த ராய் நிக்கல்ஸ். இருவரும் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் பாணி, குறைவாக வாசிப்பார்கள், காதால் பிடித்துவிடலாம். ப்ளூஸ் ஆட்களுக்கு டேனி கேட்டன் பிடிக்கும், ஆனால் அவரை முதலில் கேட்டால் கிட்டாரை விற்றுவிடத் தோன்றும். ஆல்பர்ட் லீயும் அப்படித்தான்.

நான்காவது வருடமாக ஞாயிறு தவறாமல் போத்தனூர் போகிறேன். இந்த வாரத் தாளில் அங்கிள் புதிதாக ஒரு 2 எழுதியிருக்கிறார். மைனர் இல்லை, மேஜர். ஏ சுருதியில் பி மேஜர், அதன் காந்தாரம் டி ஷார்ப், மூன்றாம் ஸ்ட்ரிங் எட்டாவது ஃப்ரெட். அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் விரல் பழக்கதோஷத்தில் ஏழிலேயே போய் விழுகிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம்.