வாசகர் கேள்வி – பதில்: முற்றத்தை உடைக்காமல் மலசலகூடக் குழாயை மாற்றலாமா?

கேள்வி (வாசகி, பரந்தன்): ஐயா, எங்கள் வீடு 2012 இல் கட்டியது. குளியலறையிலிருந்து பின்வளவில் உள்ள மலக்கழிவுத் தாங்கிக்கு 42 அடி நீளத்தில் நாலு அங்குல பி.வி.சி. குழாய் போகிறது. அதில் நடுப்பகுதி 18 அடி, கடந்த ஆண்டு போட்ட சீமெந்து முற்றத்துக்குக் கீழே இருக்கிறது. இப்போது கொமட்டில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது. மழை பெய்தால் திரும்பி மேலே வருகிறது. முற்றத்தின் ஓரத்தில் நிற்கும் வேம்புக்குக் கீழே நிலம் எப்போதும் ஈரமாக இருக்கிறது. மேசன் முற்றம் முழுவதையும் உடைக்க வேண்டும் என்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பியோ அங்கே நிலத்தைத் தோண்டாமலே இயந்திரத்தால் குழாயை மாற்றுகிறார்கள் என்கிறான். இங்கே அப்படிச் செய்ய முடியாதா? குழாய்க்கும் எங்கள் கிணற்றுக்கும் இடையில் 35 அடிதான் இருக்கிறது.

பதில்: உங்கள் தம்பி சொல்வது உண்மை. அங்கே இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளன. முதலாவதில், பழைய குழாயின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கிடங்கு வெட்டி, கூம்பு வடிவ இரும்புத் தலையொன்றைக் கம்பிவடத்தில் கட்டி, இருபது முப்பது தொன் இழுவிசை கொண்ட இயந்திரத்தால் பழைய குழாய்க்குள்ளாக இழுப்பார்கள். அந்தத் தலை பழைய குழாயை உடைத்துச் சுற்றியுள்ள மண்ணுக்குள் தள்ளிக்கொண்டு போக, அதன் பின்னால் கட்டிய புதிய பொலித்தீன் குழாய் அதே வழியில் வந்து அமர்ந்துவிடும். 1970களின் இறுதியில் பிரித்தானியாவில் பழைய வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை மாற்றுவதற்காகத் தொடங்கிய முறை இது. இரண்டாவதில் பழைய குழாயை உடைப்பதே இல்லை. பிசினில் ஊறவைத்த துணிக்குழலை உள்ளே செலுத்தி, காற்றாலோ நீராலோ ஊதி ஒட்டவைத்து, சூடேற்றி இறுகச் செய்து, குழாய்க்குள் ஒரு குழாயை உருவாக்குகிறார்கள். எரிக் வுட் என்பவர் 1971 இல் இலண்டனில் முதன்முதலாக இதைச் செய்தார்.

இவ்விரண்டும் ஏன் அந்த ஊர்களில் வளர்ந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் நிலம் ஏறக்குறைய நாலடி ஆழம் வரை உறையக்கூடும் என்பதால், வீட்டுக் கழிவுக்குழாய் அதற்கும் கீழே இறங்கி, வீதியின் அடியில் ஓடும் நகரக் கழிவுக்குழாயுடன் சேர்கிறது. ஆளுயரத்துக்குக் கிடங்கு வெட்டி, மண் சரியாமல் பலகை முட்டுக்கொடுத்து, வீதியையும் உடைத்து மூடுவதைவிட இயந்திரக் கூலி அங்கே மலிவு. வன்னியில் பொதுக் கழிவுக்குழாய் வலையமைப்பு இல்லை. நம் குழாய்கள் நம் வளவுக்குள்ளேயே தொடங்கி வளவுக்குள்ளேயே முடிகின்றன, பெரும்பாலும் ஒன்றரை அடி, இரண்டடி ஆழத்தில் கிடக்கின்றன. இரண்டு பேர் மண்வெட்டியும் அலவாங்குமாக நின்றால் ஒரு நாளில் திறந்துவிடக்கூடிய நீளம் அது. இங்கே செலவு வைப்பது ஆழம் அன்று, மேலே போட்ட சீமெந்துதான். ஆகவே நம் முயற்சி முழுவதும் அந்த 18 அடியைக் காப்பாற்றுவதில் இருக்க வேண்டும்.

அந்த இயந்திரத்தை இங்கே கொண்டுவந்தாலும் உங்கள் முற்றத்துக்கு அது பொருந்தாது என்றே சொல்வேன். பழைய குழாயை உடைத்து வெளியே தள்ளும்போது அந்த மண் எங்காவது நகர வேண்டும். குழாய் ஆழத்தில் இருந்தால் மண் நெருங்கி இடம் கொடுக்கும். ஒன்றரை அடியில் இருந்தால் நிலம் மேல்நோக்கிப் புடைக்கும், எந்தச் சீமெந்தைக் காப்பாற்ற நினைத்தீர்களோ அதுவே வெடித்துவிடும். துணிக்குழல் முறையிலோ, உள்ளே இருக்கும் குழாய் வடிவம் குலையாமல் இருக்க வேண்டும்; நசுங்கிப்போன குழாயை அது நிமிர்த்தாது. இரண்டு முறைகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: பழைய குழாய் ஓரிடத்தில் தொய்ந்து, அங்கே தண்ணீர் தேங்கி நின்றால், புதிய குழாயும் அதே தொய்வோடுதான் அமையும்.

எனவே முதலில் பழுது எங்கே என்று அடிக்கணக்கில் கண்டுபிடியுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாங்குளத்துக்கு அருகில் ஒரு வீட்டுக்குப் போனபோது, முப்பதடி நீளத்துக்கு நிலத்தைத் திறந்து, கல் பதித்த நடைபாதையையும் பெயர்த்துப்போட்டிருந்தார்கள். குழாயோ நெடுக நல்ல நிலையில் இருந்தது. பழுது இருந்தது வீட்டுச் சுவரிலிருந்து இரண்டே அடியில், குழாய் அத்திவாரத்தைத் தாண்டி வெளியே வரும் இடத்தில். வீட்டுச் சுவர் அசையாது நிற்க, வெளியே நிரப்பிய மண் மாரிக்கு மாரி இறங்கியதால் இணைப்பு விலகி, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. அந்த இடைவெளி வழியாகப் புகுந்த வேர், குழாயின் உள்ளே பெண்பிள்ளையின் அவிழ்ந்த கூந்தல்போல ஒரு முழ நீளத்துக்கு நீரோட்டத் திசையிலேயே படிந்து கிடந்தது. இரண்டடிக் கிடங்கு ஒன்றே போதுமாக இருந்த வேலை அது.

உங்கள் வீட்டில், குழாய் சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில் முதற் கிடங்கை வெட்டுங்கள். இது வீண்போகாத கிடங்கு. உள்ளே பார்ப்பதற்கு அங்கே திறந்து மூடக்கூடிய மூடியோடு சோதனைத் தொட்டி ஒன்று எப்படியும் தேவை, பின்னால் அதை அங்கேயே கட்டிவிடலாம். அந்த இடத்தில் குழாயை அறுத்து, முக்கால் அங்குலக் கறுப்பு அல்கதீன் குழாயை உள்ளே மெதுவாகத் தள்ளுங்கள். அது முட்டி நிற்கும் இடத்தில் நாடாவால் அடையாளம் கட்டி, வெளியே இழுத்து, நிலத்தின் மேலே நீட்டி வைத்துப் பாருங்கள். தாங்கிப் பக்கத்திலும், தாங்கிக்கு இரண்டடி முன்னால் குழாயைத் திறந்து இதையே செய்யுங்கள். ஒரு பக்கம் 14 அடியும் மறுபக்கம் 23 அடியும் போய் முட்டினால், இடையில் எஞ்சும் இரண்டு மூன்று அடிக்குள்தான் கோளாறு இருக்கிறது. கைத்தொலைபேசியில் பொருத்திப் பார்க்கும் நீளவடக் கமரா இப்போது கடைகளில் கிடைக்கிறது. யாரிடமாவது இரவல் பெற முடிந்தால் வெடிப்பா, வேரா, தொய்வா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

வேம்படியில் ஊறுவது கழிவுக்குழாய்த் தண்ணீரா, வேறு தண்ணீரா என்று ஐயம் இருந்தால், ஒரு வாளி தண்ணீரில் கேசரிப்பவுடரை நன்றாகக் கரைத்து அறுத்த வாயில் ஊற்றுங்கள். ஈரமான இடத்தில் ஒரு முழ ஆழத்துக்குச் சிறு குழி தோண்டி வைத்தால், நிறம் அங்கே கசிந்து வருவதைக் காணலாம். இதைச் செய்யும்போது யாரும் மலக்கழிவுத் தாங்கிக்குள் இறங்கவோ, மூடியைத் திறந்து குனிந்து பார்க்கவோ, வெளிச்சத்துக்காகத் தீக்குச்சி உரசவோ கூடாது. அதற்குள் சேரும் ஐதரசன் சல்பைட்டு வாயு ஓரிரு மூச்சில் ஆளை மயக்கி வீழ்த்தும், மெதேன் தீப்பற்றும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி இரண்டாமவரும் இறந்த துயரங்கள் நம் நாட்டிலேயே உண்டு.

நீங்கள் எழுதிய அறிகுறிகளைப் பார்த்தால் பழுது வேம்பின் பக்கத்தில், சீமெந்துக்கு வெளியே இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் நாலடி நீளத்தில் ஒரு கிடங்கு வெட்டி, கெட்ட துண்டை இரு பக்கமும் நல்ல குழாய் தெரியும்வரை அறுத்தெடுத்து, புதுத் துண்டை வைத்து, உள்ளே தடுப்பு விளிம்பு இல்லாத, குழாயின்மேல் முழுவதாகச் சறுக்கி ஏறும் இணைப்பு இரண்டால் பொருத்திவிடலாம். வேலை அதோடு முடிந்தது. வேரை வெட்டிவிட்டு இணைப்பைப் பழையபடி விட்டால் வேர் மீண்டும் வரும். இணைப்பில் கசிவு இல்லையென்றால் வேர் அதைத் தேடி வராது.

பழுது சீமெந்துக்குக் கீழேதான் என்று அளவு காட்டினால், அந்த 18 அடியை அப்படியே கைவிட்டு, சீமெந்தைச் சுற்றி மண் நிலத்தில் புதுக்குழாய் போடுவதை நான் விரும்புவேன். ஆனால் அதற்கு இறக்கம் போதுமா என்று முதலில் பாருங்கள். நாலு அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குல இறக்கம் நல்ல கணக்கு. 42 அடிக்குப் பத்தரை அங்குலம் தேவைப்பட்டது. சுற்றி வரும்போது 56 அடி ஆனால் 14 அங்குலம் வேண்டும். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க்குழாயால் சுவரடியையும் தாங்கி வாயையும் அளந்தால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். திருப்பங்களில் ஒரு செங்கோண வளைவுக்குப் பதிலாக இரண்டு அரைவளைவுகளை வையுங்கள். அவ்விடத்தில் ஒரு மூடியும் இருக்கட்டும். புதுவழி கிணற்றுக்கு மேலும் நெருங்கிப் போகக்கூடாது. பழைய குழாயின் இரு வாயையும் சீமெந்துச் சாந்தால் அடைத்துவிடுங்கள், இல்லையேல் எலிக்கும் மழைநீருக்கும் அது வழியாகிவிடும்.

இறக்கம் போதாவிட்டால், முற்றத்தை உடைக்காமல் வெட்டுங்கள். வைர வட்டு பூட்டிய வெட்டியால் ஒன்றரை அடி அகலத்தில் இரண்டு நேர்கோடு வெட்டி அந்தப் பட்டியை மட்டும் எடுத்தால், வேலை முடிந்தபின் அதை நேர்த்தியாக மூடலாம். சம்மட்டியால் அடித்தால் வெடிப்பு முற்றம் முழுவதும் ஓடும். குழாயின் அடியில் நாலு அங்குல மணல் பரப்பி, கல் எதுவும் குழாயைத் தொடாதபடி வைத்து, மூடுவதற்கு முன் கீழ்வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி அரைமணி நேரம் மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்ப் பவுசரோ மணல் லொறியோ ஏறி இறங்கும் முற்றமென்றால், குழாய்க்கு மேலே மணலும் அதற்கு மேலே கம்பி வைத்த கொங்கிறீற்றும் வேண்டும். புதுச் சீமெந்து போட்ட ஆண்டிலேயே குழாய் பழுதாவதற்கு, அந்த வேலைக்கு வந்த லொறிச் சக்கரமே பல வீடுகளில் காரணமாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது கடைசி வரிதான். கிணற்றுக்கு 35 அடியில் கழிவுநீர் மண்ணில் ஊறுகிறது என்றால், குழாய் வேலை முடிந்து கிணறு சோதிக்கப்படும்வரை அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் யாருக்கும் குடிக்கக் கொடுக்க வேண்டாம். குழந்தைக்குப் பால் கரைப்பதற்கும் அப்படித்தான். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இன்றே சொல்லி, தண்ணீரைச் சோதிக்கவும் கிணற்றுக்குக் குளோரின் இடவும் கேளுங்கள். மாரி தொடங்கி நிலத்தடி நீர் ஏறிவிட்டால் கிடங்கு வெட்டவும் முடியாது, கழிவும் கிணற்றை எளிதாகச் சேரும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

கேள்வி (வாசகர், நெடுங்கேணி): எங்கள் அப்பா காலத்து வீட்டில் ஆறு அங்குலச் சீமெந்துக் குழாய் கிடக்கிறது. இணைப்புகள் பல இடத்தில் விலகிவிட்டன. அதற்குள்ளே பி.வி.சி. குழாயைச் செருகிவிடலாமா?

பதில்: செருகலாம். உங்கள் வீட்டுக்கு இதுவே மிகக் குறைந்த தோண்டல். ஆனால் குழாய் நேராக இருக்க வேண்டும், உட்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும், தொய்வு இருக்கக்கூடாது. முதலில் பழைய குழாயை நன்றாகக் கழுவி, நாலு அங்குலக் குழாயில் இரண்டடித் துண்டொன்றுக்கு இணைப்பும் பூட்டி, அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கயிற்றால் இழுத்துப் பாருங்கள். அது எங்கும் இறுகாமல் வந்தால்தான் தொடரலாம். பிறகு மேல்முனையில் ஐந்தடிக் கிடங்கு வெட்டி, குழாயை நாலடித் துண்டுகளாக அறுத்து, ஒன்றை உள்ளே தள்ளி, அடுத்ததைப் பசையிட்டுப் பொருத்தி, பசை இறுகும்வரை பொறுத்து மீண்டும் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் இணைப்பு உள்ளேயே கழன்றுவிடும், பிறகு கைக்கு எட்டாது. புதுக் குழாயின் வெளிப்புறத்துக்கும் பழைய குழாயின் உட்புறத்துக்கும் இடையே உள்ள வெளியை இரு முனையிலும் சாந்தால் அடைக்க வேண்டும். நாலு அங்குலக் குழாய்க்குள் இதே முறையில் மூன்று அங்குலக் குழாயைச் செருகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மலசலகூடத்துக்கு அதைச் செய்ய வேண்டாம். அடைப்பு எளிதில் வரக்கூடும்.

கேள்வி (வாசகர், புதுக்குடியிருப்பு): சீமெந்தைத் தவிர்த்துப் புதுவழியில் குழாய் போட நினைக்கிறோம். ஆனால் அந்தப் பக்கம் மீள்குடியேறிய நாளிலிருந்து யாரும் மண்வெட்டி வைக்காத நிலம். தோண்டலாமா?

பதில்: உங்கள் தயக்கம் சரியானது. 2009 வரை போர் நடந்த மண் அது. கண்ணிவெடி அகற்றியதாகச் சான்று பெற்ற நிலமா என்று கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டறிந்த பின்னரே தொடங்குங்கள். குப்பையை அந்த இடத்தில் எரித்து நிலத்தைத் துப்புரவாக்க வேண்டாம். தோண்டும்போது இரும்புத் துண்டோ, உருளையோ, பிளாஸ்ரிக் பெட்டி போன்ற பொருளோ தென்பட்டால், அதைத் தொடாமல், அசைத்துப் பார்க்காமல், வேலையை அந்தக் கணமே நிறுத்தி, வந்த காலடியிலேயே பின்வாங்கி, பிள்ளைகளை அப்பால் அனுப்பி, 119 இல் பொலிசாருக்கு அறிவியுங்கள். அங்கே போகவே கூடாது என்று தெரியவந்தால், சீமெந்தை ஒன்றரை அடி அகலத்தில் வெட்டி, பழைய குழாய் கிடக்கும் தடத்திலேயே புதிதைப் போடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை தோண்டி மூடிய மண் அது.