படிவத்தில் இல்லாத கேள்வி

அன்புள்ள ஐயா,

நான் பதினொரு ஆண்டுகளாக அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். அண்மையில் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையைத் தோழி ஒருவர் அனுப்பியிருந்தார். சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கையை ஊழியர்களின் எண்ணிக்கையால் வகுத்து, அரசு மருத்துவமனைகளின் உற்பத்தித்திறன் குறைந்துகொண்டே வருகிறது என்று அதில் நிறுவியிருந்தார்கள். மறுநாளே வேறொரு நிறுவனத்தின் அறிக்கை வந்தது. புதிய படுக்கைகளையும் பணியிடங்களையும் பட்டியலிட்டு, அரசு மருத்துவமனைகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சிறந்துவிட்டன என்றது அது. எதை நம்புவது? நடுநிலையான நிறுவனங்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா? அரசியல் சார்போடு ஆய்வு செய்பவர்களைத் தடை செய்ய வேண்டாமா? இப்போதைக்கு, நிதி தந்தவர் யாரென்று பார்த்துவிட்டு, பிடிக்காதவர் என்றால் அறிக்கையைத் திறப்பதே இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாமெனக் கேட்டிருக்கும் வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

இரவுப் பணி முடித்து வந்து இத்தனை நிதானமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பதினொரு ஆண்டு உழைப்பை ஒரு வகுத்தல் கணக்கில் 'குறைவு' என்று எழுதிக் கண்டவரின் வலி அதில் தெரிகிறது. உங்கள் கடிதம் வந்தபோது நானும் ஒரு பழைய வினாப்படிவத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆதலால் இந்தப் பதில் நீங்கள் கேட்டதைவிட்டுச் சற்று விலகியும் போகக்கூடும்.

தடை செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1884-இல் லண்டனில் தோன்றிய ஃபேபியன் சங்கம் சோஷலிசத்தைப் படிப்படியாகக் கொண்டுவருவதற்காகவே தொடங்கப்பட்டது. 1955-இல் அதே நகரில் ஆண்டனி ஃபிஷர் நிறுவிய பொருளாதார விவகாரங்களுக்கான நிறுவனம் சந்தையின் பக்கம் மக்களின் எண்ணத்தைத் திருப்புவதற்காகவே தொடங்கப்பட்டது. ஒரு கொள்கையை நம்புகிறவர்கள் கூடி ஆராய்வதும் எழுதுவதும் குற்றமாகாது. நிதியைப் பொறுத்தவரை, அதை மறைப்பது தவறு. 2014 முதல் டிரான்ஸ்பாரிஃபை என்ற அமைப்பு, எந்தெந்த நிறுவனங்கள் தமது நன்கொடையாளர்களை வெளிப்படையாகச் சொல்கின்றன என்று பார்த்து நட்சத்திரங்கள் வழங்கியதை நான் வரவேற்கிறேன். ஆனால் பணம் தந்தவரின் பெயர் தெரிந்துவிட்டால் அட்டவணை தவறு என்று ஆகிவிடுமா? பிடிக்காதவர் பணம் தந்த அறிக்கையைத் திறப்பதே இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வார்டுக்கு வருகிறவரிடம் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டா நாடி பார்க்கிறீர்கள்? அறிக்கையிடம் மட்டும் ஏன் அப்படி நடந்துகொள்கிறீர்கள்? பிடிக்காதவர்களின் அறிக்கையைப் படிக்காமல் ஒதுக்குவது, பிடித்தவர்களின் அறிக்கையைப் படிக்காமல் நம்புவதில்தான் போய் முடியும். சரியாகச் சொன்னால் இரண்டும் ஒரே சோம்பல்.

உங்களுக்கு வந்த முதல் அறிக்கையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் பல பத்தாண்டுகளாகத் தேசியக் கணக்குகளில் பொதுச் சேவைகளின் பயனை அவற்றுக்கு ஆன செலவுக்குச் சமம் என்றே எழுதிவந்தார்கள். விலைக்கு விற்கப்படாத ஒன்றின் மதிப்பை வேறெப்படி எழுதுவது என்பது அவர்களுடைய சிக்கல். பயனும் செலவும் எப்போதும் சமமாகவே இருக்கும் அந்த முறையில் உற்பத்தித்திறன் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. 1998 முதல் சிகிச்சைகளையும் மாணவர்களையும் நேரடியாக எண்ணத் தொடங்கியபோது வேறொரு சிக்கல் வந்தது. எண்ணிக்கையை ஊழியர்களால் வகுத்தால், ஒரு வகுப்பில் நாற்பது பேருக்குப் பதிலாக இருபது பேரை உட்காரவைக்கும் பள்ளி திறன் குறைந்த பள்ளியாகிவிடும். தீ பிடிக்காமல் தடுத்த தீயணைப்புத் துறை வேலை செய்யாத துறையாகிவிடும். இரவில் ஒரு செவிலியருக்குப் பதிலாக இரண்டு செவிலியரை நியமித்து நோயாளிகளுக்குப் படுக்கைப் புண் வராமல் காத்த வார்டு பாதித் திறனுள்ள வார்டாகிவிடும். பொருளியலாளர் டோனி அட்கின்சன் இந்த அளவீட்டு முறையை ஆராய்ந்து 2005 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கை, எண்ணிக்கையோடு தரத்தில் ஏற்படும் மாற்றத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது இதனால்தான். உங்களைப் புண்படுத்திய அறிக்கை தரத்தை அளக்காமல் விட்டது. உங்களுக்கு ஆறுதல் தந்த இரண்டாவது அறிக்கையோ, படுக்கைகளையும் பணியிடங்களையும் எண்ணி அவற்றையே சாதனையாகக் காட்டியது. செலவே பயன் என்ற அந்தப் பழைய கணக்குதான் அது. முதலாவதைக் கண்டு கொதித்த நீங்கள் இரண்டாவதிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இனி அந்த வினாப்படிவத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டு வயதில், வேலையில்லாத நாட்களில், ஒரு நிறுவனத்துக்காகப் புறநோயாளிகளிடம் கருத்துக் கேட்கும் வேலைக்குப் போனேன். எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், கழிப்பறை சுத்தமாக இருந்ததா, ஊழியர்கள் மரியாதையாகப் பேசினார்களா என்று பதினான்கு கேள்விகள் இருந்தன. ஒரு மூதாட்டி காத்திருந்த நேரத்தையும் கழிப்பறையின் நிலையையும் கடுமையாகவே சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, பேரனைத் தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்ததாகவும், கையிலிருந்த பணம் தீர்ந்ததும் அங்கிருந்து அனுப்பிவிட்டதாகவும், இங்கே எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டதாகவும் சொன்னார். "இதையும் எழுதிக்கப்பா" என்றார். எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். மாலையில் மேற்பார்வையாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் எழுதுபவை கணக்கில் சேராது, இனி நேரத்தை வீணாக்காதே என்றார். அன்றிலிருந்து நான் ஓரத்தில் எழுதவில்லை.

சில மாதங்களுக்குப் பின் அறிக்கை வெளிவந்தது. நோயாளிகளின் திருப்தி மிகக் குறைவு, நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த அட்டவணையில் ஒரு பொய் எண்கூட இல்லை. அதிலிருந்த எண்களில் பலவற்றை என் கையாலேயே நிரப்பியிருந்தேன். அந்த மூதாட்டியின் கோபம் அதில் ஒரு கட்டமாக இருந்தது. அவர் சொன்ன மற்றது எங்குமே இல்லை. அரசு மருத்துவமனைகள் வலுப்பெற வேண்டும் என்று நம்புகிறவன் நான். ஆனாலும் பல ஆண்டுகள் கழித்து என் கருத்தையே கொண்ட நிறுவனம் ஒன்றின் அறிக்கையைப் படித்தபோது அதே வெறுமையை அங்கும் கண்டேன். சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கையைப் பெருமையோடு அச்சிட்டிருந்தவர்கள், வரிசையில் நின்று களைத்து மருத்துவரைப் பார்க்காமலே திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. அரசியல் சார்பு எண்களைத் திருத்துவதில் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். நான் கண்டவரை அது வினாப்படிவம் அச்சாகும்போதே வேலையை முடித்துவிடுகிறது. அதன் பிறகு யார் எத்தனை நேர்மையாகக் கணக்கெடுத்தாலும் பயன் குறைவு.

கேள்வி முழுமையாக இருந்தால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரப் பிரதேசத்தில் குலுக்கல் முறையில் சில குழந்தைகளுக்குத் தனியார் பள்ளியில் படிக்க நிதிச்சீட்டு வழங்கி ஆராய்ந்தார்கள்; முடிவுகள் 2015-இல் வெளியாயின. தெலுங்கிலும் கணக்கிலும் அந்தக் குழந்தைகள் அரசுப் பள்ளிக் குழந்தைகளைவிட மேலாக இல்லை. இந்தியில் மேலாக இருந்தார்கள். ஆனால் ஒரு குழந்தைக்குத் தனியார் பள்ளியில் ஆன செலவு அரசுப் பள்ளியில் ஆனதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 'தனியார் பள்ளியால் கூடுதல் கல்வி இல்லை' என்று ஒருவர் தலைப்பிடலாம். 'மூன்றில் ஒரு பங்குச் செலவில் அதே கல்வி' என்று மற்றவர் தலைப்பிடலாம். இந்தியை விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டு தலைப்பும் உண்மை. முதல் தலைப்பை எழுதியவர் செலவைப் பற்றி ஒரு வரியாவது எழுதினாரா, இரண்டாவது தலைப்பை எழுதியவர் அந்தக் குறைந்த செலவில் ஆசிரியர்களுக்குக் கிடைத்த சொற்பச் சம்பளத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதினாரா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் கட்சி சார்ந்த அமைப்பன்று. அதன் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் 191 நாடுகளின் மருத்துவ அமைப்புகளை வரிசைப்படுத்தியபோது, மக்களின் எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுப்பதில் அமெரிக்கா முதலிடம், இலக்குகளில் எட்டிய நிலையின் கூட்டு மதிப்பில் 15-ஆம் இடம், செய்த செலவோடு ஒப்பிட்ட ஒட்டுமொத்தச் செயல்திறனில் 37-ஆம் இடம். மூன்றும் ஒரே அறிக்கையில் இருக்கின்றன. பின்னர் வாதிட்டவர்கள் அவரவருக்கு வேண்டிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். என்னிடம் இல்லை; இருந்தாலும் தரமாட்டேன், ஏனென்றால் பட்டியல் கைக்கு வந்ததும் நீங்கள் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த முதல் அறிக்கையைத் திறந்து பின்னிணைப்புக்குப் போங்கள். எதை எண்ணினோம், எப்படி எண்ணினோம் என்று அங்கேதான் சொல்லியிருப்பார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நேற்றிரவு உங்கள் வார்டில் நீங்கள் செய்தவற்றில் அந்தக் கணக்குக்குள் வர முடியாதவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாவது அறிக்கைக்கும் அதையே செய்யுங்கள்; அங்கே, உங்கள் வார்டில் நடக்காமல் போனவற்றையும் எழுத வேண்டியிருக்கும், அது எழுதக் கடினமாக இருக்கும். இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் பெயரில்லாமல், ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்